அந்தப் புருவத் தழும்பு

கத்தியின் பிடியில் நீல நிற இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அதன் ஒரு முனை பிரிந்து வால் மாதிரி தொங்கியது. ஒன்பது வருடம் ஆகிவிட்டது, அந்த வால் இன்னும் கண்ணில் நிற்கிறது. கத்தியைப் பிடித்திருந்தவனின் முகம் நிற்கவில்லை. அந்த இடத்தில் வேறொருவர் முகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் அன்றிரவு அந்தக் கட்டடத்துப் பக்கமே வரவில்லை. ஆனால் நான் சொன்ன சாட்சியத்தால் இரண்டு வருடம் ஏழு மாதம் சிறையில் இருந்தார்.

நான் பொய்ச்சாட்சி சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை, காசு கொடுக்கவும் இல்லை. கூண்டில் ஏறிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனசார நம்பித்தான் சொன்னேன். இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. நிரபராதி ஒருவர் உள்ளே போனார் என்றால் எங்கோ ஒரு கெட்ட போலீஸ்காரர், விலைபோன சாட்சி, சோம்பேறி வக்கீல் இருந்திருப்பார்கள் என்று நானும்தான் நினைத்திருந்தேன். என் வழக்கில் அப்படி யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தோம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். மாதக் கடைசி, கிளம்பும்போது மணி பதினொன்று. கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் எரிந்தது ஒரே ஒரு குழல்விளக்கு, அதுவும் மினுக்கிக்கொண்டு. தூண் மறைவில் ஒரு பெரியவரின் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஒருவன் அவரைக் கீழே தள்ளிவிட்டு என்னைக் கடந்து ஓடினான். கையில் அந்தக் கத்தி. என் பார்வை அதன் மேலேயே இருந்தது, குத்திவிடுவானோ என்ற பயம். எல்லாம் சேர்த்து நாலைந்து விநாடி இருக்கும். பெரியவருக்குத் தலையில் பலமான அடி. பிழைத்துக்கொண்டார், ஆனால் அன்று மாலையிலிருந்து நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. ஆக, சாட்சி என்று இருந்தது நான் மட்டும்தான்.

இரவு ஒரு மணிக்கு வாக்குமூலம் எழுதினார்கள். நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார். என் பேச்சை அப்படியே எழுதவில்லை, அவருக்குப் பழகிய நடையில் எழுதிக்கொண்டு போனார். நான் சொன்னது, "சுமாரான உயரம்." தாளில் ஏறியது, "ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ள." நான் சொன்னது, "மீசை இருந்த மாதிரி இருந்துச்சு." தாளில், "மீசை வைத்திருந்தார்." கடைசியாக, "மறுபடி பார்த்தா தெரியுமா?" என்று கேட்டார். "தெரியலாம்னு நினைக்கிறேன்" என்றேன். பல நாள் கழித்து நகலைப் படித்தபோதுதான் பார்த்தேன், "மீண்டும் பார்த்தால் உறுதியாக அடையாளம் காட்டுவேன்." அந்த "உறுதியாக" என் வாயிலிருந்து வரவில்லை. அவர் வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. அந்தத் தாளுக்கு அப்படி ஒரு வாசகம் தேவைப்பட்டது, எழுதிவிட்டார். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாம் நாள் என் நாத்தனார் போனை நீட்டினாள். "அண்ணி, இவன்தானாம். பிடிச்சுட்டாங்களாம்." யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். ஒல்லியான முகம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. "இருக்கலாம்" என்றேன். அந்தப் படத்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவளையும் குறை சொல்ல முடியாது, எனக்கு நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதான் காட்டினாள்.

பதினோராம் நாள் அடையாள அணிவகுப்பு. எட்டுப் பேரை நிறுத்தியிருந்தார்கள். நான் போன வேகத்தில் அவரைக் காட்டிவிட்டதாக ஆவணம் சொல்கிறது. எனக்கு நினைவிருப்பது வேறு. முதலில் இரண்டாவது ஆளிடம் நின்றேன், தாண்டிப் போனேன், மறுபடி திரும்பினேன். ஐந்தாவதாக நின்றவர் முகம் 'தெரிந்த முகமாக' இருந்தது. தெரிந்த முகம்தான், மூன்று நாள் முன்னால் போனில் பார்த்த முகம். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று என் மூளை எனக்குச் சொல்லவில்லை. கையை நீட்டினேன். வெளியே வரும்போது ஒரு காவலர் மெதுவாக, "கரெக்டா காட்டினீங்கம்மா" என்றார். நாலு வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்த வாசலைத் தாண்டும்போது என் சந்தேகம் அங்கேயே உதிர்ந்துவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து நீதிமன்றம். எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், நிதானமாகக் கேட்டார்: "இவ்வளவு தெளிவான தழும்பு. முதல் வாக்குமூலத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?" நான் சொன்னேன்: "பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஆனால் அன்றே பார்த்தேன். விளக்கு மினுக்கியபோது அந்தத் தழும்பு தெரிந்தது." இதைச் சொல்லும்போது நான் அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். குழல்விளக்கு மினுக்குகிறது, முகம் திரும்புகிறது, தழும்பு. பின்னால் பிடிபட்ட உண்மையான ஆளுக்குப் புருவத்தில் கீறல்கூடக் கிடையாது. "எவ்வளவு உறுதி?" என்று கேட்டார்கள். "நூற்றுக்கு நூறு" என்றேன்.

வேறொரு வழக்கில் ஒருவன் வீட்டைச் சோதனை போட்டபோது பெரியவரின் கைக்கடிகாரம் கிடைத்தது. பின்பக்கத்தில் அவர் பெயரைப் பொறித்திருந்தார்கள். அங்கிருந்து எல்லாம் அவிழ்ந்தது. மேல்முறையீட்டில் விடுதலை என்று எனக்குத் தகவல் சொன்னது அந்த இளம் வக்கீல்தான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற பெண், 1984-ல் தன்னைத் தாக்கியவன் என்று ரொனால்ட் காட்டன் என்பவரைப் புகைப்படங்களில் காட்டினார், பிறகு அணிவகுப்பிலும் காட்டினார். 1987-ல் மறுவிசாரணை நடந்தபோது உண்மையான குற்றவாளியையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனைப் பார்த்தே இல்லை என்றார். 1995-ல் டிஎன்ஏ பரிசோதனை வந்த பிறகுதான் காட்டன் வெளியே வந்தார், பத்து வருடத்துக்கு மேல் சிறையில் கழித்துவிட்டு. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நினைவு என்பது அலமாரியில் வைத்த கோப்பு இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாக எழுதி வைக்கிறோம், அந்த நேரத்தில் கையில் என்ன மை இருக்கிறதோ அதில்.

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சுருக்கமாகக் காட்டிவிடும். கார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்று சொல்லைக் கூட்டிக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "மோதிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். கேட்டவர் வாயில் இருந்த ஒரே சொல் செய்த வேலை இது. என் தழும்பு அவர்களுடைய கண்ணாடி.

அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய இன்னசன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு டிஎன்ஏ மூலம் விடுதலையானவர்களின் வழக்குகளைத் தொகுத்திருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் தவறான அடையாளம் ஒரு காரணம். அதற்கு மருந்தும் எப்போதோ கண்டுபிடித்தாயிற்று. பைசா செலவில்லாத மருந்து. அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. தெரியாதவரால் "கரெக்டா காட்டினீங்கம்மா" என்று சொல்ல முடியாதல்லவா? கண்ணாலும் தலையசைப்பாலும்கூடக் காட்டிக்கொடுக்க முடியாது. ஆள் இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட நிற்பவர்கள் எல்லோரும் சாட்சி முதலில் சொன்ன அடையாளத்துக்குப் பொருந்த வேண்டும். காட்டிய அந்த நிமிடமே, வேறு யாரும் பேசுவதற்கு முன், எவ்வளவு உறுதி என்று சாட்சியின் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். 2014-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழுவும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பரிந்துரைத்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது அந்த உறுதிக் கணக்கு. முதல்முறை, கலப்படம் எதுவும் சேர்வதற்கு முன் சாட்சி சொல்லும் உறுதிக்கு நிஜமான மதிப்பு உண்டு. வருடம் கழித்துக் கூண்டில் சொல்லும் "நூற்றுக்கு நூறு"க்கு மதிப்பே இல்லை. நீதிமன்றத்தில் எடுபடுவது என்னவோ இரண்டாவதுதான்.

விடுதலைக்குப் பிறகு, ஏழைக் கைதிகளின் மேல்முறையீட்டுக்கு உதவும் ஒரு சிறு வக்கீல் குழுவில் சனிக்கிழமைகளில் கோப்புப் படிக்கப் போனேன். எனக்குச் சட்டம் தெரியாது, கணக்குத் தெரியும். ஒவ்வொரு காகிதத்தையும் தேதி, நேரம் வாரியாக அடுக்கி, எது எதற்கு முன்னால் வந்தது என்று பட்டியல் போடுவேன். இந்தச் சாதாரண வேலையில் எத்தனை ஓட்டை தெரியும் என்கிறீர்கள்! பொருள் கைப்பற்றியதாகக் காட்டும் நேரம், அதைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலத்துக்கு முந்தியதாக இருக்கும். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலத்தில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருக்கும்.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றியும் அங்கேதான் என் எண்ணம் மாறியது. செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்காதவர் உண்டா? தூக்கமில்லாமல், வக்கீல் இல்லாமல், "ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்" என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டே நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தால் ஒப்புக்கொள்வார்கள். ஜப்பானில் இவாவோ ஹகமாடா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966-ல் கைதானார். ஏறத்தாழ இருபது நாள், நாளுக்குப் பல மணி நேரம் விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். நீதிமன்றத்தில் அதை மறுத்தார். 1968-ல் மரண தண்டனை. 2014-ல் வெளியே விட்டார்கள், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2024-ல். அப்போது அவருக்கு 88 வயது. விசாரணையை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை பதிவு செய்தாலே இதில் பாதி நின்றுவிடும் என்பது என் எண்ணம். கடைசி அரைமணி ஒப்புதலை மட்டும் பதிவு செய்வது பதிவே செய்யாததைவிட மோசம். அதற்கு முந்தைய பதினெட்டு மணி நேரம் அதில் தெரியாது.

கைரேகை, ரத்தம், கணினி என்று வந்தால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். அங்கேயும் மனுஷக் கண்தான் இருக்கிறது. 2004-ல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வக்கீலுடையது என்று எஃப்பிஐ சொன்னது. தவறு. ஸ்பெயின் போலீஸ் வேறொருவரைக் கண்டுபிடித்தது. 2006-ல் ஆய்வாளர் இட்டியல் ட்ரோர் ஒரு வேலை செய்தார். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், முன்னால் அவர்களே பொருந்துகிறது என்று சொல்லியிருந்த ரேகைகளை எடுத்து, "இது அந்த மேஃபீல்ட் தவறு" என்று சொல்லிக் கொடுத்தார். நால்வர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்தது மாறியது. ஆய்வகத்துக்குப் போகும் உறையில் "சந்தேக நபர் ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று குறிப்பு எழுதி அனுப்புவதை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கணக்குக்காரி என்பதால் என்னை ரொம்பவும் உலுக்கியது பிரிட்டனின் அஞ்சலக வழக்குகள். ஹொரைசன் என்ற மென்பொருள் கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, கணக்குமோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுக் குறையை நிரப்பினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். பிழை மென்பொருளில். 2024-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க வேண்டியிருந்தது. பலரிடம், இப்படிப் புகார் சொல்வது நீங்கள் மட்டும்தான் என்றார்கள். கணக்கு இடிக்கிறது என்றால் ஆளைச் சந்தேகிக்கும் முன் ஏட்டைச் சந்தேகி என்பது எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம்.

என் வழக்கில் சிக்கியவருக்கு அன்றிரவு ஒரு கிடங்கில் வேலை. கைதான அன்றே சொன்னார். யாரும் போய்ப் பார்க்கவில்லை, சாட்சிதான் அடையாளம் காட்டிவிட்டாளே. கிடங்கு வாசலில் கேமரா இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதிவு தானாக அழிந்துவிடும். குடும்பத்துக்கு அது தெரிந்து வக்கீல் மனுப் போட்டபோது இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வருகைப் பதிவேட்டை முதலாளி தொலைத்துவிட்டார். ஏழு நாள் வித்தியாசத்துக்கு இரண்டு வருடம் ஏழு மாதம்.

அதனால் யாராவது கைதாகி, குடும்பத்தார் எங்களிடம் அழுதுகொண்டு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அந்த நேரத்தில் எங்கே இருந்தார், அங்கே கேமரா உண்டா?" அன்றைக்கே எழுத்தில் கடிதம், பதிவை அழிக்காதீர்கள் என்று. கொடுத்ததற்குப் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்காமல் வராதீர்கள் என்பேன். போன் இருப்பிட விவரம், பயணச்சீட்டு, பணம் செலுத்திய குறுஞ்செய்தி எல்லாம் முதல் வாரத்தில்தான் உயிரோடு இருக்கும். "நம்ம புள்ள தப்பே பண்ணலையே, நமக்கென்ன பயம்" என்று வக்கீலே இல்லாமல் விசாரணைக்கு அனுப்பிவைக்கும் வீடுகள்தான் அதிகம். தப்புச் செய்தவனுக்கு வாயை மூடத் தெரியும். செய்யாதவர்தான் எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று மணிக்கணக்கில் பேசி, நேரத்தில் ஒரு பிசகு வந்து, அது பொய்யாக எழுதப்பட்டு மாட்டிக்கொள்வார்.

அவரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். வக்கீல் அறையில், அவர் சம்மதித்து. என்ன பேசுவது என்று ஒரு மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அவரே பேசினார். "நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குக் கோர்ட்லயே தெரியும். பொய் சொல்றவங்கன்னா வக்கீல் எங்கயாவது மடக்கிடுவார். நீங்க பார்த்ததா நம்பிச் சொன்னீங்க. அன்னிக்குத்தான் நான் வெளிய வரமாட்டேன்னு நினைச்சேன்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் தான் உள்ளே இருந்ததாகச் சொன்னார். எழுந்து போகும்போது முகத்தைத் திருப்பினார், தழும்பு தெரிந்தது. என் உடம்பு பயந்து ஒரு அடி பின்வாங்கியது. தெரிந்தும், எல்லாம் தெரிந்தும்.

போன மாதம் சாலையில் என் கண் முன்னால் ஒரு விபத்து. பைக்கில் போனவரை ஒரு கார் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஓரமாக நின்று, யாரோடும் பேசாமல் பார்த்ததைப் போனில் தட்டினேன். நேரம், நான் நின்ற இடம், எவ்வளவு தூரம், எது தெரிந்தது, எது தெரியவில்லை. அதற்குள் கூட்டம் சேர்ந்து ஆளாளுக்குப் பேச ஆரம்பித்திருந்தது. காவலர் வந்தார்.

"கார் என்ன கலர்ம்மா?"

"கவனிக்கலை சார்."

"பக்கத்துல நின்னவர் சிவப்புன்னு சொல்றாரே?"

"அவர் பார்த்திருக்கலாம். நான் பார்க்கலை."

"கண்ணு முன்னாடி நடந்ததுங்கிறீங்க, கலர் தெரியலைங்கிறீங்க." அவருக்கு எரிச்சல். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். வெயிலில் நின்றபடி அவர் மணியைப் பார்த்தார். நாலாவது வரியில் இருந்தது, "சிவப்பு நிறக் கார் ஒன்று." அடிக்கச் சொன்னேன். "இது ஒரு பெரிய விஷயமாம்மா?" என்றார். அடித்து, பக்கத்தில் அவர் சுருக்கொப்பம் வைத்த பிறகுதான் நான் பேனாவை வாங்கினேன்.